உங்கள் ஊர்ப் பழைய பள்ளிக்கூடம் எதற்காகத் தொடங்கப்பட்டது? கண்டுபிடிக்கும் வழி

நூறு ஆண்டு தாண்டிய பள்ளிகள் எல்லாம் இப்போது நூற்றாண்டு மலர் போடுகின்றன. வாழ்த்துச் செய்திகள், நன்கொடையாளர் படங்கள், நகைக்கடை விளம்பரம், நடுவில் ‘பள்ளி வரலாறு’ என்று ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரைப் பக்கத்தை எந்த ஊர் மலரில் எடுத்துப் பார்த்தாலும் ஒரே வாசகம்தான்: அறியாமை இருள் அகற்றும் உயரிய நோக்கத்துடன் இன்ன ஆண்டில் இப்பள்ளி தோற்றுவிக்கப்பட்டது. யாருடைய இருளை, யார், எந்தக் காசில் அகற்றினார்கள் என்று ஒரு வரி இருக்காது.

நான் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் மலர்க் குழுக்காரர்கள் அவ்வப்போது கூப்பிடுகிறார்கள். “சார், நம்ம ஸ்கூலுக்கு ஒரு ஹிஸ்டரி எழுதிக் குடுங்க.” எழுதித் தருவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் அந்த ஊர்க்காரரே தேடினால் கிடைப்பதில் பாதிகூட வெளியூர்க்காரனுக்குக் கிடைக்காது. ஆகவே தேடும் வழியை எழுதி வைத்துவிடுகிறேன். வெள்ளைக்காரர் காலத்தில், பழைய சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களில் தொடங்கிய பள்ளிகளுக்கு இது பொருந்தும். புதுக்கோட்டை சமஸ்தானம், பிரெஞ்சுப் புதுச்சேரி, திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரிப் பகுதி, இவற்றின் தாள்கள் வேறு இடங்களில் வேறு ஒழுங்கில் இருக்கும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் பள்ளிக்குச் செலவு செய்தது யார்? அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் நடத்திய ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒன்று, பாதிரியாருக்கு ஒன்று, ஊர் வணிகருக்கு ஒன்று, போலீசுக்குக்கூட ஒன்று. காசு வந்த வழி தெரிந்தால் பள்ளியின் நோக்கம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

பலகையில் எழுதியிருக்கும் ஆண்டு

முதலில் அந்த ஆண்டைச் சந்தேகப்படுங்கள். அது கட்டடம் எழுந்த ஆண்டாக இருக்கலாம், அரசு அங்கீகாரம் கொடுத்த ஆண்டாக இருக்கலாம், ஜில்லா போர்டு (அன்றைய மாவட்ட உள்ளாட்சி மன்றம்) எடுத்துக்கொண்ட ஆண்டாகவும் இருக்கலாம். அதற்கு முன்பே அதே தெருவில் ஒரு வாத்தியார் திண்ணைப் பள்ளி நடத்திக்கொண்டிருந்திருப்பார். அரசின் கிராண்ட் (மானியம்) கிடைக்கும் என்றதும் அதே திண்ணைக்கு ஒரு பெயர் வைத்து, பதிவேடு ஒன்று வாங்கி வைத்து, ‘பள்ளி’ ஆக்கியிருப்பார்கள். இப்படிப் பிறந்த பள்ளிகள் தமிழ்நாட்டில் ஏராளம்.

கம்பெனி வந்துதான் படிப்பு வந்தது என்று எழுதிவிடாமல் இருக்க மன்றோவின் கணக்கு உதவும். 1822-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். வந்த பதில்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில் மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள் என்று இருக்கிறது, மக்கள்தொகை 1,28,50,941. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் 5 முதல் 10 வயதுப் பையன்களில் மூன்றில் ஒரு பங்கு ஏதோ ஒரு வகையில் படிப்பதாக அவர் கணித்தார். தமிழ் மாவட்டங்களில், பிராமணப் பிள்ளைகளைவிட, அறிக்கைகள் சூத்திரர் என்று குறித்த சாதிப் பிள்ளைகளே அதிகம். இந்தக் கலெக்டர் அறிக்கைகளைக் காந்தியவாதியான தரம்பால் 1983-இல் நூலாகப் பதிப்பித்தார்; உங்கள் மாவட்டத்தின் அட்டவணை அதில் இருக்கும். ஊர்வாரியாக இராது, மாவட்டவாரியாகத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த எண்களை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் எல்லாரும் படித்தார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டவணையில் ‘மற்ற சாதிகள்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்குள் யார் யார் என்று பிரித்துக் காட்டவில்லை. பெண்கள் சொற்பம். பள்ளிக்கு வந்த பெண்களில் பலர் கோயில் சார்ந்த தேவதாசிக் குடும்பத்தினர் என்று கலெக்டர்களே எழுதியிருக்கிறார்கள். பெருமைக்கும் இடம் உண்டு, மற்றதற்கும் உண்டு. இரண்டையும் எழுதுங்கள்.

திண்ணைப் பள்ளி பற்றி எழுதும்போது சட்டாம்பிள்ளையை விட்டுவிடாதீர்கள். வாத்தியார் ஒருவர்தான். முன்னேறிய பையன் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான், வராதவனைப் பிடித்து வருவான், மணலில் விரல் பிடித்து எழுத வைப்பான். 1789-இல் எழும்பூரில், பட்டாளத்துக்காரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஆண் அநாதை இல்லத்துக்குத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ பெல் இந்த மணல் எழுத்தை ஓர் உள்ளூர்ப் பள்ளியில் பார்த்தார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையைத் தன் இல்லத்தில் நடத்திப் பார்த்து, ஊருக்குத் திரும்பியபின் 1797-இல் லண்டனில் அச்சிட்டார். ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பரவியது. குறைந்த சம்பளத்தில் நிறையப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கலாம் அல்லவா, அதனால் அவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. நம் பிள்ளைகளுக்கு இங்கிலாந்து முறையில் கல்வி தந்தார்கள் என்று எழுத உட்காரும்போது இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

1823-இல் பல்லாரி கலெக்டர் கேம்பல் அனுப்பிய அறிக்கையையும் படியுங்கள். ஐரோப்பியத் துணி வந்து நம் நெசவைத் தள்ளிவிட்டது, மக்கள் ஏழையாகிவிட்டார்கள், பிள்ளைக்கு வாத்தியார் காசு கொடுக்க வழியில்லை, பள்ளிகள் குறைந்துவிட்டன என்று கம்பெனியின் அதிகாரியே எழுதியிருக்கிறார். பல்லாரி நம் மாவட்டம் இல்லைதான். ஆனால் உங்கள் ஊர் நெசவாளர் ஊர் என்றால் அந்தக் கண்ணோடு ஊர்க்கதையைக் கேளுங்கள்.

செலவுக்குப் பணம் கொடுத்தவர்

இப்போது பள்ளியின் பழைய பெயரைத் தேடுங்கள். இன்றைய பெயர் உதவாது. அரசு மேல்நிலைப்பள்ளி என்று பலகை மாறியிருக்கும். ஊரில் பெரியவர்கள் வழங்கும் பெயரைக் கேளுங்கள்: ஜில்லா ஸ்கூல், போர்டு ஸ்கூல், மிஷன் ஸ்கூல், முனிசிபல், வித்தியாசாலை, லேபர் ஸ்கூல், கள்ளர் ஸ்கூல். பெயரிலேயே பாதி விடை இருக்கிறது.

கச்சேரிக்கு, அதாவது பழைய அரசு அலுவலகத்துக்கு, பக்கத்தில் இருக்கும் பழைய அரசுப் பள்ளி என்றால் அது பெரும்பாலும் குமாஸ்தாக்களைத் தயாரிக்க வந்தது. 1813-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கம்பெனி ஆண்டுக்கு 1 லட்ச ரூபாய் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்றது. அதில் நம் பக்கம் உருப்படியாக எதுவும் உடனே நடக்கவில்லை. மன்றோ ஒரு திட்டம் போட்டார்: கலெக்டர் தலைமையிடங்களில் பள்ளி, தாசில்தார் ஊர்களில் பள்ளி. முதல் வகை வாத்தியாருக்கு மாதம் 15 ரூபாய், இரண்டாம் வகைக்கு 9 ரூபாய். மீதிக்கு அவர் பிள்ளைகளிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்பது கணக்கு. மன்றோ 1827-இல் காலராவில் இறந்தார். 1836-இல் அந்தப் பள்ளிகளை மூடிவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆங்கிலக் கல்வியே வேண்டும் என்ற மெக்காலேயின் குறிப்பு வந்து, கம்பெனியின் கல்விப் பணம் ஆங்கிலத்தின் பக்கம் திரும்பியது. மேலே கொஞ்சம் பேருக்குக் கொடுத்தால் கீழே தானாக இறங்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. 1844-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சு, அரசு வேலையில் ஆங்கிலம் படித்தவனுக்கு முன்னுரிமை என்றார். ஆங்கிலப் பள்ளிக்குக் கூட்டம் சேர்ந்தது அதனால்தான். மில்டனைப் படிக்க யாரும் மாட்டுவண்டி கட்டி வரவில்லை.

1854-இல் வந்த சார்லஸ் உட்டின் ஆணைக் கடிதம்தான் நம் கல்வித் துறைக்குப் பிறப்புச் சான்றிதழ். அதன் தொடக்கப் பத்திகளை மலர்க் குழுவில் ஒருவராவது படிக்க வேண்டும். கல்வியால் நம்பிக்கையான அரசு ஊழியர்கள் கிடைப்பார்கள், இங்கிலாந்தின் ஆலைகளுக்கு மூலப்பொருள் சீராக வரும், அவர்கள் சரக்குக்கு இங்கே தேவை பெருகும் என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டே பொதுக்கல்வி இயக்குநர் (டைரக்டர் ஆஃப் பப்ளிக் இன்ஸ்ட்ரக்‌ஷன், சுருக்கமாக டி.பி.ஐ.) பதவி உண்டாகி அர்புத்நாட் முதல் இயக்குநரானார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம். நுங்கம்பாக்கத்தில் டி.பி.ஐ. என்று எல்லா ஆசிரியரும் இன்றும் சொல்லும் வளாகத்துக்குப் பெயர் அந்தப் பதவியிலிருந்து வந்ததுதான்.

அந்தக் கடிதத்தோடு வந்த இன்னொன்று மானியம். தனியார் பள்ளி நடத்தினால் அரசு பங்கு கொடுக்கும். கொஞ்ச காலம் கழித்து, எத்தனை பிள்ளை பரீட்சையில் தேறுகிறதோ அத்தனைக்குப் பணம் என்று ‘ரிசல்ட் கிராண்ட்’ கொடுத்தார்கள். இதன் விளைவைப் பழைய ஆய்வுக் குறிப்புகளில் பார்க்கலாம்: இன்ஸ்பெக்டர் வரும் நாளில் நிறைந்து வழியும் வகுப்பு, தேறமாட்டான் என்று தோன்றிய பையனை முன்கூட்டியே பெயர் நீக்கியது. உங்கள் பள்ளிப் பதிவேட்டில் பரீட்சைக்கு முந்தைய மாதம் பெயர் நீக்கம் கூடுதலாக இருந்தால் காரணம் காய்ச்சல் மட்டும் இல்லை.

மிஷன் பள்ளிகளின் கதை இதைவிடப் பழையது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அடுத்த ஆண்டே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். வேதாகமத்தைத் தானே படிக்க வேண்டும் என்பது அவர்கள் சமயம், ஆகவே படிப்பு எல்லாருக்கும் தேவைப்பட்டது, பெண்ணுக்கும், சேரிப் பிள்ளைக்கும். ஸ்வார்ட்ஸ் பாதிரியார் 1785 வாக்கில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கையில் ஆங்கிலப் பள்ளி தொடங்கியபோது நோக்கம் கொஞ்சம் வேறு. கம்பெனிக்கும் அரண்மனைக்கும் இடையே பேசத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. நெல்லையில் 1820 முதல் ரேனியஸ் பாதிரியார், மதுரையில் 1834 முதல் அமெரிக்க மிஷன், நாகப்பட்டினத்தில் 1844-இல் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு மாறிய சேசு சபையாரின் கல்லூரி என்று வரிசை நீளும். உங்கள் ஊரில் மிஷன் பள்ளி இரண்டு இருந்தால் உற்றுப் பாருங்கள். டவுனில் இருக்கும் உயர்நிலைப்பள்ளியில் மேல்சாதிப் பிள்ளைகள் கட்டணம் கட்டிப் படித்திருப்பார்கள். சேரிக்குள் இருக்கும் கூரைப் பள்ளியில் உபதேசியார் (சபையில் வேதம் சொல்லிக் கொடுப்பவர்) ஒருவர் எல்லா வகுப்புக்கும் வாத்தியாராக இருந்திருப்பார். ஒரே மிஷன், ஒரே பணப்பெட்டி, இரண்டு நோக்கம். ஒன்று செல்வாக்குள்ளவர்களை அணுக, மற்றொன்று சபையை வளர்க்க.

இதற்குப் பதிலாக எழுந்தவை உள்ளூர்க்காரர் பள்ளிகள். பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தார். அவர் விட்டுப்போன தரும சொத்து பல ஆண்டு வழக்கில் கிடந்து, 1842-இல்தான் அதிலிருந்து சென்னையில் பள்ளி பிறந்தது. பைபிள் பாடம் இல்லாமல் ஆங்கிலம் வேண்டும் என்பது இந்துக் குடும்பங்களின் தேவை. அதே அறக்கட்டளையின் கல்லூரி 1947 வரை இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்தது. தெற்கே நாடார்கள் கடை வியாபாரத்தில் ‘மகமை’ பிடித்துச் சேர்த்த பொதுப் பணத்தில், 1880-களில் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்து அந்தப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். காமராஜர் படித்தது அங்கேதான். கோயில் நுழைவு மறுக்கப்பட்ட ஒரு சாதி பள்ளிக்கூடத்தைக் கையில் எடுத்தது எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்த வகைப் பள்ளி என்றால் உறவின்முறையின் (ஊர்ச் சாதிச் சங்கத்தின்) கணக்கு நோட்டுகளைக் கேளுங்கள். பள்ளி அலுவலகத்தில் இருக்காது, தர்மகர்த்தா வீட்டு மரப்பெட்டியில் இருக்கும்.

போர்டு பள்ளிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1871-இல் உள்ளூர் நிதிச் சட்டம், 1884-இல் ஸ்தல ஸ்தாபன (உள்ளாட்சி) சட்டம், 1920-இல் தொடக்கக் கல்விச் சட்டம். கடைசிச் சட்டம் கல்வி வரி போட அதிகாரம் கொடுத்தது. விரும்பினால் கட்டாயக் கல்வியும் கொண்டுவரலாம் என்றது. கட்டாய இலவசக் கல்விக்குக் காங்கிரஸ் தலைவர் கோகலே 1911-இல் கொண்டுவந்த மசோதாவை அடுத்த ஆண்டு தோற்கடித்திருந்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே 1920-இல் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1 அணாவுக்கு மேற்படாமல் மதியச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்று எழுத்தில் ஒத்துக்கொண்ட தீர்மானம் அது.

தனியாகக் கவனிக்க வேண்டியவை ஆதி திராவிடர் நலப் பள்ளிகளும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும். 1890-களில்தான் அரசு ‘பஞ்சமர்’ கல்விக்கு என்று தனி உதவிகளை அறிவித்தது; 1894-இல் பிரம்மஞான சபையின் ஆல்காட் அடையாறில் இலவசப் பள்ளி தொடங்கினார், அயோத்திதாசப் பண்டிதர் அவரோடு தொடர்பில் இருந்தார். பொதுப் பள்ளியில் சேர்க்க ஊரார் விடாததால் தனிப் பள்ளி வந்தது. 1920 வாக்கில் தொழிலாளர் ஆணையரிடம் இந்தப் பொறுப்பு போயிற்று, அதனால்தான் சில ஊர்களில் ‘லேபர் ஸ்கூல்’ என்ற பெயர். கள்ளர் பள்ளிகள், சில சாதிகளைப் பிறப்பிலேயே குற்றவாளிகளாகக் கருதிக் கண்காணித்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கூடவே வந்தவை. 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. அந்தக் காலகட்டத்தில்தான் ‘சீரமைப்பு’ என்று பள்ளி, கூட்டுறவுச் சங்கம் எல்லாம் பிறமலைக் கள்ளர் ஊர்களுக்கு வந்தன. ஒரு கையில் ரேகைப் புத்தகம், மறு கையில் சிலேட்டு. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அந்தப் பள்ளிகள் அதே பெயரில் இன்றும் நடக்கின்றன. அங்கே படித்து வந்தவர்கள் பல துறைகளில் இருக்கிறார்கள்; அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

சேர்க்கைப் பதிவேடு

தலைமையாசிரியர் அறையில் இரும்பு பீரோவின் அடித்தட்டில் இருக்கும். சேர்க்கை எண், பெயர், தகப்பனார் பெயர், சாதி, தொழில், பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு, விலகிய தேதி, விலகிய காரணம். ஜன்னலுக்குப் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் படியுங்கள், ஃபிளாஷ் போடாதீர்கள், எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பவே திருப்பாதீர்கள். முதல் பத்து வருடத்தை மட்டும் ஒரு நோட்டில் எழுதி எடுத்தாலே போதும்.

பிறந்த தேதியை நம்ப வேண்டாம். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டால் வயதாகிவிட்டது என்று சேர்த்தார்கள். தேதியை வாத்தியார் போட்டார். ஒரே வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதத்திலேயே பிறந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

சாதிக் கட்டம் காலத்தைக் காட்டும். 1922-இல் ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரை அரசு ஏற்றது. அதற்கு முந்தைய பக்கங்களில் பஞ்சமர், பறையர் என்று இருக்கும். எந்தச் சாதி இருக்கிறது என்பதைவிட எது இல்லை என்று பாருங்கள். ஊரில் நூறு வீடு உள்ள ஒரு தெருவிலிருந்து இருபது வருடம் ஒரு பெயர்கூட இல்லை என்றால், மலரில் எழுத வேண்டிய முதல் செய்தி அதுதான். முதல் பெயர் எந்த ஆண்டு வருகிறது, அதற்கு அடுத்த மாதம் வேறு யாராவது கும்பலாக விலகினார்களா என்றும் பாருங்கள். காவிரிப் பக்கத்தில் ஓர் ஊரில் நான் பார்த்த பதிவேட்டில், ஒரு பையன் சேர்ந்த வாரத்துக்குள் ஏழு பேர் விலகியிருந்தார்கள். ஏழு பேருக்கும் விலகிய காரணம் ஒரே கையெழுத்தில் ‘வீட்டு வேலை’. அந்த ஏழு பேரில் ஐந்து பேர் பொங்கலுக்குப் பிறகு திரும்பச் சேர்ந்திருக்கிறார்கள், புது எண்ணோடு. பையன் அதற்குள் போய்விட்டான். அவன் வரிசையில் காரணம் எழுதவில்லை.

விலகிய காரணம் என்ற அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் ஊர் இருக்கிறது. மாடு மேய்க்க, தகப்பனார் மரணம், ரங்கூன் சென்றான், பினாங்கு சென்றான், பெரியவளாகிவிட்டாள். பெண் பிள்ளைகள் எந்த வகுப்போடு நிற்கிறார்கள் என்று ஒரு கோடு போட்டுப் பாருங்கள். உங்கள் பள்ளியில் பெண்களுக்குத் தையல் வைத்து, கணக்கைக் குறைத்திருந்தால், அதை ‘மாதர் கல்விக்கு முன்னோடி’ என்று ஒரு வரியில் கடந்துவிட வேண்டாம். நல்ல மனைவியும் தாயுமாகத் தயார்ப்படுத்துவது என்ற நோக்கத்தை அன்றைய அறிக்கைகள் ஒளிக்கவில்லை.

பதிவேடு கரையான் அரித்துவிட்டது என்பார்கள். சரி, கட்டண நோட்டு, வருகைப் பதிவு, ஆய்வுப் புத்தகம் என்று கேளுங்கள். கட்டண நோட்டில் கணக்கு ரூபாய், அணா, பை என்று ஓடும்: 12 பை 1 அணா, 16 அணா 1 ரூபாய். நிலத் தாள்களில் பசலி (நிலவரிக் கணக்கு) ஆண்டு இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1310 என்றால் 1900 ஜூலையில் தொடங்கும் ஆண்டு. கல்வெட்டில் ‘பிரபவ’ என்று தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால் 60 ஆண்டுக்கு ஒருமுறை அது திரும்ப வரும் என்பதை மறக்க வேண்டாம்; 1867-ஆ 1927-ஆ என்பதைக் கட்டடத்தின் செங்கல்லும் கூரையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பள்ளிக்கு வெளியே

கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடு (ஊர் நில விவரப் பதிவேடு) பாருங்கள். பள்ளி நிற்கும் இடம் புறம்போக்கா, யார் பேரில் இருந்த பட்டா, எப்போது மாறியது என்று தெரியும். தானப் பத்திரம் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். தானம் கொடுத்தவர் போட்ட நிபந்தனைகளைப் படியுங்கள். எந்தப் பிள்ளைகளுக்கு, எந்தச் சமயப் பாடம், வாத்தியாரை நியமிப்பது யார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் அறிமுகக் கடிதமும் அடையாள அட்டையும் எடுத்துப் போங்கள். நேராகப் போய் “எங்க ஸ்கூல் ஃபைல் குடுங்க” என்றால் கிடைக்காது. கல்வித் துறை அரசாணைகளின் ஆண்டு அகரவரிசையில் ஊர்ப் பெயரைத் தேட வேண்டும். ஊர்ப் பெயரின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு போங்கள். தஞ்சாவூருக்கு ‘டாஞ்சூர்’, திருநெல்வேலிக்கு ‘டின்னவெல்லி’ என்று தேட வேண்டியிருக்கும். பொதுக்கல்வி ஆண்டறிக்கைகளும் மாவட்ட விவரச் சுவடிகளும் (கெசட்டியர்) கன்னிமாரா நூலகத்திலும், தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும், கல்லூரிச் சாலையில் உள்ள மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டியிலும் தேடத் தக்கவை. பழைய வரலாற்றுப் பாடநூல் கண்ணில் பட்டால் கடைசி அத்தியாயத்தைப் புரட்டுங்கள். ஆங்கில ஆட்சியால் விளைந்த நன்மைகள் என்று ரயில், தந்தி, அமைதி எல்லாம் வரிசையாக இருக்கும். பரீட்சைக்கு அது நிச்சயக் கேள்வி.

பெரியவர்களிடம் கேட்பது

எண்பது தொண்ணூறு வயதுக்காரர்களிடம் “உங்க காலத்துல பள்ளிக்கூடத்துல சாதி பார்த்தாங்களா?” என்று கேட்டால், “அதெல்லாம் இல்லப்பா, எல்லாரும் ஒண்ணாத்தான் படிச்சோம்” என்று பதில் வரும். நேராகக் கேட்கும் கேள்விக்கு வேறு பதில் வராது. “தண்ணிப் பானை எங்க இருந்துச்சு தாத்தா? யார் மொண்டு குடுப்பாங்க?” என்று கேளுங்கள். பெஞ்சில் யார், தரையில் யார், பலகை ஏன் தனியாக இருந்தது, சிலேட்டைத் திருத்தும்போது வாத்தியார் கையில் வாங்கினாரா, தரையில் வைக்கச் சொன்னாரா என்று கேளுங்கள். பொருளைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் தானாக வருவார்கள். ஒரு தெருவில் மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். இரண்டு தெருவிலும் ஒரே பானையைப் பற்றிக் கேட்டால், பானை இரண்டு இடத்தில் இருக்கும்.

பெண்களைத் தனியாகக் கேளுங்கள், மகன் பக்கத்தில் இல்லாதபோது. “அஞ்சாப்போட நின்னுட்டேன்” என்பதற்குப் பின்னால் நிறைய இருக்கும்.

எழுதும்போது

உதவிய துரைக்கு நன்றி சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் அவர் ஏன் உதவினார் என்று அடுத்த வரியில் எழுதுங்கள். குமாஸ்தா வேண்டும் என்று தொடங்கிய பள்ளியில் படித்தவர்தான் வக்கீலாகிக் காங்கிரஸ் மேடையில் ஏறினார். சபை வளர்க்கத் தொடங்கிய பள்ளியில் படித்தவள்தான் ஊரின் முதல் நர்ஸ். நடத்தியவர்களின் கணக்கு ஒன்று, படித்தவர்கள் அதை வைத்துச் செய்தது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி ஒதுக்குங்கள், கலக்காதீர்கள்.

பதிவேட்டின் பக்கத்தைப் படமாகப் போட்டால் பெயர்களையும் சாதிக் கட்டத்தையும் மறைத்துப் போடுங்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில் இருக்கிறார்கள். எண்ணிக்கை வேண்டுமானால் அட்டவணையாகக் கொடுக்கலாம்.

தாளாளரோ முன்னாள் மாணவர் சங்கமோ சில பத்திகளை எடுக்கச் சொல்லும். யார் விலகினார்கள், யாரைச் சேர்க்கவில்லை என்ற பத்திகளைத்தான் சொல்வார்கள். பேசிப் பாருங்கள், பதிவேட்டு எண்ணும் பக்கமும் உங்கள் கையில் இருந்தால் பாதி இடத்தில் விட்டுவிடுவார்கள். விடாவிட்டால் மலருக்குச் சுருக்கத்தைக் கொடுத்துவிட்டு, முழுக் கட்டுரையின் தட்டச்சுப் பிரதியில் ஒன்றை மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒன்றைப் பள்ளி நூலகத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.